குரல் என்னுடையது, முகம் சரளாவுடையது

ஓய்வூதியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். பெயர், கடைசியாகப் பார்த்த பதவி, பணியில் மறக்க முடியாத சம்பவம், முன்மாதிரியாகக் கொண்டவர். அந்தக் கடைசிக் கட்டத்தில் எல்லாரும் தகப்பனார் பெயரை எழுதுவார்கள், அல்லது தேசத் தலைவர் யாரையாவது எழுதுவார்கள். நான், "டி.வி.யில் விண்வெளிக் கப்பல் கதையில் நடித்த கறுப்பு அமெரிக்கப் பெண்" என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே சங்கச் செயலாளர் தம்பி போனில் வந்துவிட்டான்.

"அம்மா, படிவத்துல ஏதும் மாத்தி எழுதிட்டீகளா?"

"இல்லப்பா, சரியாத்தான் எழுதிருக்கேன்."

"இல்லம்மா, நம்ம எக்ஸ்சேஞ்சுக்கும் அமெரிக்காவுக்கும்..."

"லைன் இருந்துச்சுப்பா. எழுதி அனுப்புறேன், படிச்சுக்க."

ஆகவே எழுதுகிறேன். அந்த நடிகையின் பெயர் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அதை இங்கே எழுதவில்லை. என் வாயில் அது நுழைகிற விதத்தில் எழுதினால் அந்த அம்மாளுக்கு அவமானம்.

என் பெயர் லூர்துமேரி. ராயப்பன்பட்டிக்காரி. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்ததால் இங்கிலீஷ் வரும். பெரியப்பா மலைமேல் தோட்டத்தில் இருந்ததால் மலையாளம் வரும். பொறந்தபோதே கறுப்பு வந்துவிட்டது, அதற்கு யாரிடமும் படிக்க வேண்டியிருக்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு எழுதிப் போட்டேன், கிடைத்தது. மதுரையில் பயிற்சி. தலையில் ஹெட்செட்டை மாட்டு, குரலில் சிரி, சந்தாதாரர் கத்தினால் நீ கத்தாதே. பயிற்சி அவ்வளவுதான், மீதியெல்லாம் விடுதிச் சாம்பார்.

பிறகு பள்ளத்தாக்கில் ஓர் ஊர் எக்ஸ்சேஞ்சில் போட்டார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் சூப்பர்வைசரின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் வீடு கட்டி இருக்கிறார்கள். பொங்கலுக்குப் பொங்கல் எனக்குக் கரும்பு அனுப்புகிறார்கள். நல்ல கரும்பு.

இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் போர்டு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். பீரோ உயரத்துக்கு ஒரு மரச் சட்டம். அதில் வரிசை வரிசையாக ஓட்டைகள். ஒவ்வோர் ஓட்டையும் ஒரு வீடு அல்லது ஒரு கடை. அங்கே யாராவது போனில் கைப்பிடியைச் சுற்றினால் அந்த எண்ணுக்குரிய சின்ன மூடி டக்கென்று விழும். நாங்கள் கார்டை, அதாவது முனையில் பித்தளை ஊசி வைத்த ஒயரை, அந்த ஓட்டையில் சொருகி, "நம்பர் ப்ளீஸ்" என்போம். வெளியூர் என்றால் ட்ரங்க் கால். டிக்கெட்டில் எழுதி, மதுரையைப் பிடித்து, மதுரை அடுத்த ஊரைப் பிடித்து, அது இன்னொன்றைப் பிடித்து லைன் கிடைக்கும். மூன்று நிமிடம் ஆனதும் பேச்சின் நடுவில் புகுந்து முடிக்கச் சொல்லும் அதிகாரம் எங்களுக்கு உண்டு. பள்ளத்தாக்கில் இருந்த பெரிய பெரிய மீசைகளையெல்லாம் பேசும்போதே வெட்டிவிட உரிமை பெற்றிருந்த பெண்கள் அந்தக் காலத்தில் நாங்கள் மட்டும்தான்.

எங்கள் அறையில் நாலு நாற்காலி. அதை 'பொசிஷன்' என்போம். முதல் பொசிஷன் பொதுமக்கள் வந்து நிற்கும் கவுண்டர் ஜன்னலுக்கு நேரே. நாலாவது பொசிஷன் ஒரு தூணுக்குப் பின்னால், பேட்டரி ரூம் கதவை ஒட்டி. அங்கே ஆசிட் நாற்றத்தில் தலைவலிக்கும். முதல் பொசிஷன் சரளாவுக்கு. நாலாவது எனக்கு. சேர்ந்த அன்று சூப்பர்வைசர் சபாபதி சார் கையைக் காட்டினார், உட்கார்ந்தேன். பதினெட்டு வருஷம் உட்கார்ந்தேன்.

சபாபதி சாரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டவே மாட்டார். திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம். முகத்திலும் கழுத்திலும் பவுடர் பூசி, சட்டைக் காலருக்குள் கைக்குட்டையை மடித்து வைத்து, ஏதோ அல்வா ஊட்டுகிறவர் போலப் பேசுவார். "லூர்து, நீ வாய்ஸும்மா. சரளா பர்சனாலிட்டி. ஆபீசுக்கு ரெண்டும் வேணும்ல?" என்பார். பளிச்சென்ற சேலை எனக்கு எடுக்காது என்று அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். நானும் அதை நம்பிச் சாம்பல், பாசி, காக்கி என்று உடுத்தித் திரிந்தேன். முட்டாள்தனத்துக்கு அளவில்லை.

வாய்ஸ், பர்சனாலிட்டி என்றாரே, அது எப்படி நடைமுறைக்கு வந்தது என்று சொல்கிறேன். போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரி. வயதானவர். கோட்டயத்தில் மார்க்கெட் விழுந்த அன்று, சரக்கு அனுப்பாதே என்று அங்கிருந்த தன் ஆளிடம் சொல்ல நான் அவருக்கு உடனே லைன் பிடித்துக் கொடுத்திருந்தேன். ஒரு டப்பா நிறைய நல்ல ஏலக்காய் எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார்.

"அந்தக் கொரலுக்குச் சொந்தக்காரப் புள்ளையப் பாக்கணுமுங்க" என்றார்.

சபாபதி சார் ஒரு விநாடி தூணைப் பார்த்தார். ஒரு விநாடி ஜன்னல் பக்கம் பார்த்தார். "இவுகதான்" என்று சரளாவைக் காட்டினார்.

சரளா எலுமிச்சம்பழ நிறம். கண் பெரிது. ஆனால் அவள் வாயைத் திறந்தால் தகரத்தில் ஆணியை இழுத்த மாதிரி இருக்கும். அதனால் சார் முன்கூட்டியே காதோடு சொல்லிவிட்டார்: "பேசாமச் சிரிம்மா." அவள் சிரித்தாள். வியாபாரி, "மொகத்துக்கேத்த கொரலு" என்று மனசு நிறைந்து போனார். தூணுக்குப் பின்னால் நான் தேவாரம் ஊருக்கு லைன் போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சரளா பாதி ஏலக்காயை என் மடியில் கொட்டி, "எனக்கே கேவலமா இருக்குடி லூர்து. ஊமை மாதிரி பல்லைக் காட்டுறேன்" என்றாள். அவள் பாவம். எனக்கு முகம் இல்லை, அவளுக்கு வாய் இல்லை.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. குரலைத் தேடி யார் வந்தாலும் சரளா. ஆயுதபூஜைக்குப் பெரிய சந்தாதாரர்கள் எல்லாரும் எக்ஸ்சேஞ்சுக்கு வருவார்கள். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு சரளா. "போர்டுல யாராச்சும் இருக்கணும்ல" என்று தூணுக்குப் பின்னால் நான். வருஷா வருஷம் அந்த 'யாராச்சும்' நான்தான். கடைசியில் ஒரு குரூப் போட்டோ எடுப்பார்கள், அதற்கு மட்டும் கூப்பிடுவார்கள். போட்டோக்காரர், "அக்கா கொஞ்சம் ஓரமா" என்பார். படம் வந்து பார்த்தால் ஓரத்தில் இரண்டு கண்ணும் ஒரு வரிசைப் பல்லும் இருக்கும். முதல் வருஷம் நான் சாரிடம் போய், "என் மொகமே விழலையே சார்" என்றேன்.

"ஒனக்கு வாய்ஸ் இருக்குல்லம்மா, போதும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் ஆத்திரம்.

எண்பதுகளின் பின்பாதியில் எங்கள் மனமகிழ் மன்றத்துக்கு ஒரு டி.வி. வந்தது. ஆன்டெனாவைக் கொடைக்கானல் மலைப் பக்கம் திருப்பி வைத்தால் படம் தெரியும், காற்றடித்தால் திரையில் மழை பெய்யும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டியூட்டி முடிந்து நானும் சரளாவும் போய் உட்கார்ந்தோம். சார் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு இருந்தார். ஓடிக்கொண்டிருந்தது, சில நூற்றாண்டு கழித்து நடப்பதாக ஓர் அமெரிக்கக் கதை. ஒரு கப்பல் தண்ணீரில் போகாமல் வானத்தில் போகிறது. நடு நாற்காலியில் கேப்டன். அவருக்குப் பின்னால் ஒரு பெண் போர்டுக்கு முன் உட்கார்ந்து, காதில் ஏதோ மாட்டிக்கொண்டு, வேற்றுக் கிரகத்துக்கு லைன் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் கறுப்பு. என்னை மாதிரிக் கறுப்பு.

"ஏடி லூர்து! ஒன் சீட்டுல ஒக்காந்திருக்காடி!" என்று சரளா என் தொடையில் அடித்தாள்.

சார் சிரித்தார். "அமெரிக்காக்காரனுக்கு வேற ஆளா கெடைக்கல?" என்றார். மன்றமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நான் அந்தக் கப்பல் அறையில் தூண் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். தூண் இல்லை. பேட்டரி ரூமும் இல்லை. யாராவது அந்நியர் வருகிற நேரத்தில் அவளை எழுந்து உள்ளே போகச் சொல்லவில்லை. அந்நியர் வந்தால்தான் கேப்டன் முதலில் அவள் பக்கம் திரும்புகிறார்.

கதையை நான் பெரிதாக மெச்சிவிடவில்லை. அவளுக்குப் பேச்சே குறைச்சல். முக்கால்வாசி நேரம், கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை என்கிற மாதிரி ஏதோ சொல்கிறாள். எத்தனையோ நூற்றாண்டு தாண்டியும் லைன் கிடைக்காது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு குட்டைப் பாவாடையோடு அத்தனை நேரம் உட்கார்ந்தால் முட்டி என்னத்துக்கு ஆகும் என்றும் கவலைப்பட்டேன். ஆனால் ஒன்று என்னை விடவில்லை. அவள் வாயைத் திறந்தபோது குரல் அவள் முகத்திலிருந்தே வந்தது. அவள் முகம் முழுசாகத் தெரிந்தது. நெற்றி, மூக்கு, கன்னத்து எலும்பு எல்லாம். யாரோ ஒருத்தன் மெனக்கெட்டு அவளுக்கென்று விளக்கு வைத்திருக்கிறான். அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் வெகுநேரம் நின்றேன். அழுதேன் என்று எழுத வெட்கமில்லை.

அடுத்த சம்பளத்தில் சின்னாளபட்டிச் சேலை ஒன்று எடுத்தேன். செக்கச்சிவப்பு. வீட்டுக்காரர், "என்ன, எங்கயாச்சும் திருவிழாவா?" என்றார். "ஆமா, எனக்கு" என்றேன். ஆபீசில் சார் சேலையைப் பார்த்து, "எடுப்பா இருக்கேம்மா" என்று இழுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் தூணுக்குப் பின்னால்தான் இருக்கப் போகிறேன் என்ற தைரியம்.

அந்த ஐப்பசி மழையில்தான் அது நடந்தது. மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். சார் தன் அறையில் இரண்டு தோட்ட முதலாளிகளுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சரளா சிரித்துக்கொண்டிருந்தாள். அதனால் ஒன்றாம் பொசிஷன் காலி. மற்ற இரண்டு பேரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். கவுண்டர் ஜன்னலில் ஒரு ஆள் வந்து விழுந்தார். லாரி டிரைவர், அனுமந்தன்பட்டிக்காரர், பேர் சின்னமாயன். உடம்பெல்லாம் சேறு.

"ஆத்தா, யாரு இருக்கீக? மலை ரோடு போயிருச்சாத்தா! செக்போஸ்டுக்குக் கீழ ரெண்டாவது வளைவுல பாதி ரோட்டைக் காணும். மேலருந்து வர்றவனுக்கு மூட்டத்துல ஒண்ணும் தெரியாது. மூணு மணிக்கு ஏலக்காய்க் காட்டு ஜீப்பெல்லாம் பொம்பளையாளுகள ஏத்திக்கிட்டு எறங்கும். என் வீட்டுக்காரியும் அதுலதான் வர்றா. செக்போஸ்டுல சொல்லிக் கட்டையப் போடச் சொல்லுங்காத்தா!"

மேலே செக்போஸ்ட்டுக்குப் போகும் லைனில் கார்டைச் சொருகினேன். செத்துக் கிடந்தது. ரோடு போனபோது போன் கம்பமும் சேர்ந்து போயிருக்கிறது. ஆனால் செக்போஸ்ட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கேரளத்துப் பக்கமாக மலை ஏறினால் போகலாம். மதுரை, அங்கிருந்து எர்ணாகுளம், அங்கிருந்து கோட்டயம், அங்கிருந்து மலைமேல் ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச், அதிலிருந்து செக்போஸ்ட். பத்து மைல் தூரத்துக்கு நானூறு மைல் சுற்று. அப்படிப் பட்டியலில் இல்லாத வழியில் லைன் போடச் சூப்பர்வைசர் எழுதித் தர வேண்டும். ஹெட்செட்டோடு எழுந்து, தூணுக்கு இந்தப் பக்கமாகவே போய்ச் சாரின் கதவைத் தட்டிச் சொன்னேன்.

"ரூட்டுல இல்லாத ரூட்டும்மா. மதுரைக்கு எழுதி, பதில் வந்தப்புறம் பாக்கலாம். நாளைக்கு மெமோ வந்தா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்" என்று திரும்பி வந்து உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் உண்மையாகவே எனக்கு அந்தக் கப்பல்தான் ஞாபகம் வந்தது. அவள் யாரிடமும் எழுதி வாங்கிக்கொண்டிருக்கவில்லை.

மதுரை ஆபரேட்டர் என் குரலை அறிந்தவள், ஒரு கேள்வி கேட்காமல் எர்ணாகுளத்தைக் கொடுத்தாள். எர்ணாகுளம் முணுமுணுத்துக்கொண்டே கோட்டயத்தைக் கொடுத்தது. ஒவ்வோர் ஊர் சேரச் சேரக் குரல் தேய்ந்துகொண்டே போகும். கோட்டயத்துக்காரியிடம், "சேச்சி, வேகம் வேணும். ஆளுகள் மரிக்கும்" என்று கத்தினேன். அவள் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. "பறயூ" என்றாள், சொல்லு என்று அர்த்தம். நான் ஒரு வாக்கியம் சொல்ல, அவள் அதை மலைக்குச் சொல்ல, மலை செக்போஸ்ட்டுக்குச் சொன்னது. "கீழே ரோடு இல்லை. கட்டையைப் போடு. போன ஜீப்பைத் துரத்தி நிறுத்து." மூன்று தடவை சொல்ல வைத்தேன். திரும்பி அவர்கள் சொல்வதைக் கேட்டுச் சரிபார்த்தேன். மணி மூன்றாகப் போகிறது.

கவுண்டரில் சின்னமாயன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூண் மறைத்ததால் என்னைத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தது பதில். இரண்டு ஜீப்பை மேலேயே நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது முன்னாலேயே கிளம்பிவிட்டது. காவலர் ஒருவர் சைக்கிளில் துரத்தி, மூட்டத்தில் ஊர்ந்துகொண்டிருந்ததை முதல் வளைவில் பிடித்தார். அதில்தான் சின்னமாயன் வீட்டுக்காரி இருந்தாள். சொன்னதும் அந்த மனுசர் கவுண்டர் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். நான் தூணுக்கு இந்தப் பக்கம் அழுதேன்.

மறுநாள் மெமோ வந்தது. சாரே டைப் அடித்துக் கொடுத்தார், ஒரு எழுத்துப் பிழை இல்லை. அடுத்த வாரம், மலைத் தோட்டக்காரர்கள் எழுதிய நன்றிக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, மதுரையிலிருந்து பெரிய அதிகாரி நேரில் வந்து அந்த ஆபரேட்டருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்கப் போவதாகத் தகவல் வந்தது. சார் மெமோவை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக் கிழித்தார். "அன்னைக்கு நாமதானம்மா முடிவெடுத்தோம்" என்றார். நாம!

அதிகாரி வந்த அன்று நான் சிவப்புச் சேலையில் வந்தேன். சார் என்னைப் பார்த்து வழக்கம்போலச் சொன்னார்: "லூர்து, போர்டுல யாராச்சும் இருக்கணும்ல. அவுக வந்துட்டுப் போறவரைக்கும் பாத்துக்கம்மா. பத்திரத்தைப் பெறகு வாங்கித் தர்றேன்." போய் உட்கார்ந்தேன். பதினெட்டு வருஷத்துப் பழக்கம், கால் தானாகப் போய்விட்டது. சாரின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அதிகாரி, சின்னமாயன், போட்டோக்காரர், சரளா.

"இவங்கதானா?" என்று அதிகாரி கேட்டது காதில் விழுந்தது. "அன்னைக்கு எப்படிம்மா தோணுச்சு கோட்டயம் சுத்திப் போகணும்னு?"

சரளா பேசவில்லை. சிரிக்கவும் இல்லை. "ஷை டைப் சார்" என்றார் சபாபதி சார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேலை போனாலும் போகட்டும் என்று கார்டை எடுத்தேன். எந்த ஓட்டை சாரின் மேசைப் போன் என்று எனக்குத் தெரியாதா? சொருகி மணி அடித்தேன். அதிகாரி கையருகே இருந்ததால் அவரே எடுத்தார்.

போர்டுக் குரலில், அறை முழுதும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "வணக்கம் சார். நீங்க தேடி வந்த ஆபரேட்டர் லைன்ல இருக்கேன். உங்களுக்குப் பத்தடி தூரத்துல, தூணுக்குப் பின்னால. எந்திரிச்சு வரட்டுங்களா?"

"இந்தக் கொரலுதாங்க! இதேதாங்க!" என்று சின்னமாயன் கூவினார்.

சரளா அப்போதுதான் வாயைத் திறந்தாள். ஊருக்கே கேட்கிற தகரக் குரலில், "நான் இல்ல சார்! நான் எப்பவுமே இல்ல சார்!" என்று சொல்லிவிட்டு ஓடிவந்து என் ஹெட்செட்டைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். "போடி, போ. போர்டுல யாராச்சும் இருக்கணும்ல" என்றாள்.

போனேன். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்து, "ஓ, இவங்களா" என்றார். அந்த 'ஓ' எவ்வளவு நீளம் என்று அளந்து சொல்வேன், அவரும் ஒன்றும் மகான் இல்லை. ஆனால் சின்னமாயன் கீழே விழுந்து கும்பிடப் போனார், பிடித்து நிறுத்தினேன். பத்திரம் கைக்கு வந்தது. போட்டோவுக்கு நின்றோம். என்னை நடுவில் நிற்கச் சொன்னவர் யாருமில்லை, நானே நின்றேன்.

"அக்கா, கொஞ்சம் ஓரமா..." என்றார் போட்டோக்காரர்.

"மாட்டேன்."

"இல்லக்கா, ஒங்களுக்கு லைட்டு பத்தாது. ஒங்களுக்குன்னு கூட்டுனா மத்தவுக வெளுத்துப் போவாக."

"வெளுக்கட்டும். கூட்டுப்பா."

நான் சூப்பர்வைசரானது பின்னால், சீனியாரிட்டியில். நியாயத்தில் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆன முதல் வாரமே பொசிஷனை வாரம் ஒருமுறை சுற்றவிட்டேன். தூணுக்குப் பின்னால் எல்லாரும் உட்கார்ந்து ஆசிட் முகர்ந்தார்கள். அதையெல்லாம் சங்கத்துத் தம்பி தனியாகப் போட்டுக்கொள்ளட்டும். அந்தப் போட்டோவைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

பத்து நாள் கழித்து வந்தது. இப்போதும் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. நடுவில் நான். நெற்றி, மூக்கு, கன்னத்து எலும்பு, சேலைக் கரை, எல்லாம் அச்சாக விழுந்திருக்கிறது. பக்கத்தில் சபாபதி சார். அன்று விசேஷமென்று கூடுதலாகப் பூசியிருந்த பவுடரில் வெளிச்சம் பட்டு, காலருக்கு மேலே வெறும் வெள்ளை. மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. அவர் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் மொகமே விழலையேம்மா" என்றார்.

"ஒங்களுக்கு வாய்ஸ் இருக்குல்ல சார், போதும்" என்றேன்.